தண்ணீர் குடிக்கிற மெஷினும் மேல் லைன் குழாயும்

இதைத் தெரிந்துகொண்டு என்ன கிழிக்கப் போகிறீர்கள்? வேலைக்குச் சேர்ந்து முழுசாக மூன்று வாரம் ஆகவில்லை. வால்வை எந்தப் பக்கம் திருகினால் மூடும் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறீர்கள். அதற்குள் புரோகிராம் எழுதித் தருகிற ஏஐ மெஷினை வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்க வந்துவிட்டீர்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை.

சரி, திட்டியாயிற்று. உட்காருங்கள்.

எஸ்டேட் ஆபீஸ் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற நீங்களும், கீழே குழாயோடு மல்லுக்கட்டுகிற நீங்களும் டீ நேரத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவது என் வீடு வரை கேட்கிறது. ஒரு கட்சி, மாத வேலை ஒரு நாளில் முடிகிறது என்கிறது. இன்னொரு கட்சி, அந்த மெஷின் தின்னும் கரண்டுக்கும் குடிக்கிற தண்ணீருக்கும் யார் பதில் சொல்வது என்கிறது. இரண்டும் எனக்குப் பழைய சண்டை. உங்களுக்கு முன்னால் இதே மாடியில் இரண்டு பேர் போட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருடைய பிஸ்கட்டையும் தின்றேன். அந்தச் சமயத்தில் நான் செய்த ஒரு காரியத்தால் பதினெட்டு வீட்டுக்குக் குழாயே இல்லாமல் போகப் பார்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இந்த எஸ்டேட்டில் தண்ணீர் திறந்துவிட்டவள். தேயிலைக் கொழுந்து பறிக்க வந்தேன், இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை, வால்வுக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு மேனேஜராக வந்த துரைமார் அத்தனை பேரும் காலையில் முகம் கழுவியது என் தயவில். சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து மேட்டு டேங்குக்குத் தண்ணீர் வரும். டேங்கிலிருந்து ஒரே பெரிய குழாய் இறங்கி இரண்டாகப் பிரியும். ஒன்று தொழிலாளர் குடியிருப்பான கீழ் லைனுக்கு, அங்கே நாற்பது வீடு. இன்னொன்று பள்ளத்தில் இறங்கி எதிர் மேட்டில் ஏறி மேல் லைனுக்கு, அங்கே பதினெட்டு வீடு. காலையில் பெரட்டுக்கு ஆள் போவதற்குள், அதாவது பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதற்குள், ஐம்பத்தெட்டு வீட்டிலும் குடம் நிறைய வேண்டும். நேரம் தப்பிப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. நல்ல கோடை. என் இடத்துக்கு ஆள் போடுவதற்குப் பதிலாகத் தானே திறந்து தானே மூடும் வால்வைப் போடலாம் என்று துரை முடிவெடுத்தார். அதற்குப் புரோகிராம் எழுத இரண்டு பேர் வந்தார்கள். சுகன்யா அருவங்காட்டுப் பெண். வேகம். படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவாள். ஜோயல் குன்னூர்ப் பையன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவான், மற்ற ஆறு நாளும் எதையாவது நினைத்து வருத்தப்படுவான்.

முதல் நாளே சண்டை. சுகன்யா மெஷினிடம் கேட்டு எழுதலாம் என்றாள். ஜோயல் கையாலேயே எழுதலாம் என்றான்.

"கையில எழுதுனா மூணு வாரம் ஆகும் ஜோயல். இதுகிட்ட சொன்னா மத்தியானத்துக்குள்ள குடுத்துரும்."

"சும்மா குடுக்கறதில்ல சுகன்யா. அது ஓடற எடத்துல கம்ப்யூட்டரு ஆயிரக்கணக்குல கொதிச்சுட்டு நிக்குது. அத ஆத்தறதுக்கே தண்ணி வேணும். கரண்டு வேற."

எனக்கு டீ புரை ஏறிவிட்டது. "ஏங்கண்ணு, தண்ணி குடிக்குமா அது? எந்தக் குழாயில?"

"நம்ம குழாயில இல்லீங்க அம்மிச்சி. அது எங்கியோ தூரத்துல இருக்குது."

"அப்ப அந்த ஊர்ல தண்ணி தொறந்து உடறவ யாரு? அவளுக்குச் சொல்லிட்டுத்தான் குடிக்குதா?"

சுகன்யா சிரித்தாள். ஜோயல் சிரிக்கவில்லை. "அதத்தானுங்க நானும் கேக்கறேன்" என்றான்.

"நீ இப்படியே கேட்டுட்டு இரு" என்றாள் சுகன்யா. "இங்க ஒரு டேங்கு தண்ணி வீணாப் போறத நிறுத்துனா அதுவும் சுற்றுச்சூழல்தான். மூணு வாரம் லேட்டானா அந்த மூணு வாரத்துத் தண்ணிக்கு யாரு பொறுப்பு?"

அவள் சொன்னதும் நியாயம். கடைசியில் சுகன்யா பக்கம் ஜெயித்தது. துரைக்கு அவசரம் என்பதால் ஜெயித்தது.

பிறகு இருவரும் நோட்டும் பேனாவுமாக என்னிடம் வந்தார்கள். எந்த லைனுக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள், எத்தனை நிமிஷம் விடுவீர்கள் என்று கேட்டார்கள். இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். நான் நேரத்தைச் சொன்னேன். நிமிஷத்தைச் சொன்னேன். எந்த லைனை முதலில் திறக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மேல் லைனைத்தான் முதலில் திறக்க வேண்டும். கீழ் லைனை முதலில் திறந்தால் பெரிய குழாயில் தண்ணீரின் வேகம் தொய்ந்துவிடும், மேல் லைன் குழாய் ஏறுகிற மேட்டில் காற்று அடைத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் மணிக்கணக்காகத் திறந்து வைத்தாலும் உஸ்ஸென்று பாம்பு மாதிரி சீறுமே தவிர ஒரு சொட்டு வராது. அதனால் மேல் லைனின் கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து வைத்துக் காற்றை வெளியேற்றுவோம். தண்ணீர் வந்ததும் அந்த வீட்டுப் பாக்கியம் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டுவாள். பள்ளம் தாண்டி எனக்குக் கேட்கும். அதற்குப் பிறகுதான் கீழ் லைனைத் திறப்பேன். இத்தனை வருஷம் இந்த எஸ்டேட் தண்ணீர் ஓடியது ஒரு தட்டுச் சத்தத்தில்.

ஏன் சொல்லவில்லை? கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். அவ்வளவு பெரிய மெஷின், ஊர்த் தண்ணீரையெல்லாம் குடிக்கிற மெஷின், இதைக் கூடவா கண்டுபிடிக்காது, பார்க்கலாம் என்று ஒரு குறும்பு. குறும்புக்கு அடியில் கொஞ்சம் பொறாமை. ஒரு நாள் திணறட்டும், துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பட்டும், நான் சேலையை உதறிக்கொண்டு போய் நிற்கிறேன் என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வால்வு தானே திறந்தது. நாற்பது வீடு பெரிசு, பதினெட்டு சிறிசு என்று மெஷின் கீழ் லைனை முதலில் வைத்திருந்தது. கீழ் லைனில் குடம் வழிந்தது. மேல் லைனில் உஸ். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளம் இறங்கி, கீழ் லைனில் பிடித்து, மேடு ஏறினார்கள். நான் வீட்டில் உட்கார்ந்து துரையின் ஆளுக்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை.

ஏன் வரவில்லை தெரியுமா? கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருந்தது. மேல் லைன் வால்வு திறந்த நேரம் சரி, மூடிய நேரம் சரி. டேங்கில் வைத்த கருவியும் தண்ணீர் குறைந்ததாகவே காட்டியது. அப்படியானால் தண்ணீர் மேல் லைனுக்குப் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்? எல்லாம் சரியாக இருந்தும் மேல் லைன்காரர்கள் ஏன் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள் என்று சுகன்யா மெஷினிடம் கேட்டாள். நேரத்தைக் கூட்டு என்றது. கூட்டினாள். வரவில்லை. இரண்டு தடவையாகப் பிரித்து விடு என்றது. பிரித்தாள். வரவில்லை. முதலிலிருந்து புதிதாக எழுதித் தருகிறேன் என்றது, எழுதியும் தந்தது. ஒவ்வொரு தடவையும் அதற்கு அதே தைரியம். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மேல் லைனுக்கு ஒரு தடவை நடந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அவளை நான் குறை சொல்ல முடியாது. எனக்குப் போகாமலே தெரியும், நானும்தான் போகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் துரை பெரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். எத்தனை நேரம் திறந்தும் வரவில்லை, அப்படியானால் ஊற்றில் தண்ணீர் வற்றிவிட்டது, மேட்டுக்கு ஏற்றிக் கட்டுப்படியாகாது, திங்கட்கிழமை முதல் மேல் லைன் குழாயை அடைத்துவிடுகிறோம், கீழே ஒரு பொதுத் தொட்டி வைக்கிறோம், மேல் லைன்காரர்கள் அங்கே வந்து பிடித்துக்கொள்ளலாம் என்றார். கோடைக்கு மட்டும்தான் என்றார். எஸ்டேட்டில் கோடைக்கு மட்டும் என்று அடைத்த குழாய் எதையும் மழைக்குத் திறந்து நான் பார்த்ததில்லை.

பாக்கியத்தின் மருமகள் செல்விக்குப் பிரசவம் ஆகி இருபது நாள். ஆபரேஷன் பண்ணி எடுத்த குழந்தை. அவள் புருஷன் திருப்பூரில் வேலை. பாக்கியம் பெரட்டுக்குப் போய்விட்டால் அந்தப் பெண்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற வேண்டும், குழந்தைத் துணி அலசுவதற்கு. அன்றைக்கு அவள் பாதி மேட்டில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். என் விளையாட்டு அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆபீஸ் மாடிக்குப் போனேன். சுகன்யா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். ஜோயல் சர்ச் சட்டையோடு வந்திருந்தான்.

"கண்ணு, மேல் லைன மொதல்ல தொறக்கோணும்" என்றேன். காற்று, மேடு, தட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

சுகன்யா எழுந்து நின்றாள். "இது உங்களுக்கு மொதல்லயே தெரியுமாங்க?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் சொல்லலீங்களா?"

"ஆமா."

"அம்மிச்சி, ரெண்டு நாளா அதுகிட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன்னு தெரியுமா உங்களுக்கு? கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியமே புடிச்சுருச்சு."

"அத்தனைக்கும் அது தண்ணி குடிச்சிருக்கும்" என்றான் ஜோயல், மெதுவாக.

"எவ்வளவு கண்ணு குடிச்சிருக்கும்?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சரியான கணக்கு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க அம்மிச்சி. ஒரு தடவைக்குக் கொஞ்சமாத்தான் இருக்கும். ஆனா கேக்கறவங்க எத்தன பேருன்னு நெனச்சுப் பாருங்க."

எனக்கு அது உறைத்தது. அந்தத் தூர ஊரிலும் ஒரு மேடு இருக்கும், மேட்டில் ஒரு லைன் இருக்கும், அங்கேயும் ஒருத்தி குழாயைத் திறந்தால் உஸ் என்று வரும். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு அவள் வீட்டுத் தண்ணீரும் கொஞ்சம் போயிருக்கிறது. மெஷின் குடித்தது என்று சொல்லலாம். குடிக்க வைத்தது யார்?

"திட்டி முடிச்சிட்டீன்னா வேலையப் பாக்கலாமா?" என்றேன்.

"இன்னும் முடிக்கல" என்றாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள்.

வரிசையை மாற்றுவது சின்ன வேலைதான் என்றார்கள். நான் நினைத்தேன், சுகன்யா மெஷினைக் கூப்பிடுவாள், ஜோயல் தடுப்பான் என்று. நடந்தது வேறு. சுகன்யா, "நாலு வரி. இதுக்கு எதுக்கு அத எழுப்பணும்?" என்று தானே அடித்து முடித்தாள். ஜோயல்தான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு ஒதைக்குது சுகன்யா. காத்து அடைச்சு மேல் லைனுக்குத் தண்ணி போகலன்னா, டேங்குல எப்படிக் கொறஞ்சுது?"

இதற்குப் பதில் இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே தெரியாது.

அந்தக் கருவியை வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் கையால் திறந்த நாள்களின் அளவும் அதில் இருந்தது. நிமிஷத்துக்கு ஒரு எண், ஒரு மாதத்துக்கு. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும். கையால் எழுதினால் திங்கட்கிழமைக்குள் முடியாது.

"இதுக்குக் கேக்கலாம்" என்றான் ஜோயல்.

சுகன்யா அவனை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க சார், இப்பத் தண்ணி குடிக்காதா?"

"குடிக்கும். ஆனா ஒரே தடவை கேப்போம். என்ன வேணும்னு மொதல்ல நாம பேப்பர்ல எழுதுவோம்."

அன்றைக்கு அவர்கள் எழுதிய மாதிரி ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. குழாய் எங்கே பிரிகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது, எந்த நேரத்தில் எந்த வால்வு என்று என்னைக் கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் நிரப்பினார்கள். சொல்ல மறந்தது ஏதாவது இருக்கிறதா என்று சுகன்யா மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கும்போது என் கண்ணையே பார்த்தாள். பிறகுதான் மெஷினிடம் கேட்டார்கள். டீ ஆறுவதற்குள் எழுதித் தந்துவிட்டது. அதை அப்படியே ஓடவிடாமல் ஜோயல் வரிவரியாகப் படித்தான், ஒரு இடத்தில் திருத்தினான். ஓட்டினார்கள்.

மேல் லைன் வால்வு திறந்திருக்கிற போதெல்லாம், நான் திறந்த நாளில் குடங்கள் நிறைந்ததை விடக் கூடுதலாகவும், மெஷின் திறந்த நாளில் ஒரு குடமும் நிறையாமலேயும், டேங்கில் தண்ணீர் குறைந்திருந்தது. வால்வுக்கும் மேட்டுக்கும் நடுவில் எங்கேயோ குழாய் ஒழுகுகிறது. அதுவும் பல நாளாக.

"எங்கியாவது ஈரம் இருக்குதுங்களா அம்மிச்சி, அந்தப் பக்கம்?" என்றான் ஜோயல்.

பள்ளத்தில் ஒரு இடம் உண்டு. சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும், அங்கே மட்டும் பச்சை. காட்டெருமை வந்து நிற்கும். நல்ல மணத்தக்காளிக் கீரை விளையும். சின்ன ஊற்று ஒன்று இருக்கிறது என்று எல்லோரிடமும் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். வருஷக் கணக்காக அந்தக் கீரையைக் கடைந்து சாப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கொடுத்து நல்ல பேர் வாங்கினேன்.

இரண்டு பேரையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். ஜோயல் மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினான். குழாய் மூட்டு துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. மேல் லைனுக்குப் போக வேண்டிய தண்ணீரில் பெரும்பங்கு அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

"உங்க கீரைக்கு நெம்ப நல்ல பாசனமுங்க" என்றாள் சுகன்யா. அவள் என்னை மன்னித்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை விடிந்ததும் துரையைக் கையோடு மேல் லைனுக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனோம். குழாய் மூட்டில் ரப்பர் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தோம். பதினெட்டு வீட்டுப் பெண்களும் காலிக் குடத்தோடு நின்றார்கள். குழாயை அடைக்க வந்த பிட்டரும் ஸ்பேனரோடு நின்றார். ஆறு மணிக்கு வால்வு தானே திறந்தது. பாக்கியம் வீட்டுக் குழாய் சீறியது. சீறிக்கொண்டே இருந்தது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். பிட்டர் ஸ்பேனரைத் தோள் மாற்றிக்கொண்டார். ஜோயல் உதடு அசைந்தது, ஜெபம் என்று நினைக்கிறேன். அப்புறம் குழாய் இரண்டு தடவை ஏப்பம் விட்டது, செம்மண் தண்ணீரைத் துப்பியது, பிறகு நல்ல தண்ணீர் கைத் தடிமனுக்கு விழுந்தது. செல்வி சிரமப்பட்டு எழுந்து வந்து, குழந்தையைத் தோளில் போட்டபடியே குடத்தை நகர்த்தி வைத்தாள்.

"ஊற்று வத்தலயா?" என்றார் துரை.

இங்கே நான் சும்மா இருந்திருக்கலாம். கருவி புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று சுகன்யா சொல்லியிருப்பாள். நான் ஓய்வு பெறப் போகிறவள், மாலை போட்டு அனுப்புவார்கள். ஆனால் அப்படி விட்டால் அடுத்த கோடையில் மறுபடியும் ஊற்றின் மேல்தான் பழி விழும், மறுபடியும் ஸ்பேனர் வரும்.

"வத்தலீங்க துரை. வரிசைய நான்தான் புள்ளைங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டேன். குழா ஒழுகறதும் எனக்குத் தெரியாமப் போச்சுங்க. அதக் கண்டுபுடிச்சது இவங்க ரெண்டு பேரும் அந்த மெசினும்."

"குழாய் இருக்கட்டும்" என்று துரை பிட்டரிடம் சொன்னார். ஓய்வு பெற்ற அன்றைக்கு எனக்கு மாலை போடவில்லை, சால்வையோடு முடித்துக்கொண்டார். அது எனக்குத் தகும்.

இப்போது உங்கள் சண்டைக்கு வருகிறேன். ஒழுகலை அடைத்தோம், டேங்கு நிறைந்தது, ஆக மெஷின் குடித்ததற்கும் இதற்கும் சரியாகப் போயிற்று என்று சுகன்யா சொல்லிப் பார்த்தாள். ஜோயல் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் டேங்கு நிறைந்ததில் அந்தத் தூர ஊர்க்காரிக்கு ஒரு சொம்பு கூடப் போகாது. அவள் தண்ணீர் அவள் தண்ணீர்தான். அதற்காகத் தொடவே மாட்டேன் என்று ஜோயல் விறைத்துக்கொண்டு நின்றிருந்தால் பதினெட்டு வீட்டுக் குழாய் போயிருக்கும். இதுவும் உண்மை.

ஆகையால் நான் சொல்வது இதுதான். கேளுங்கள், ஆனால் நடந்து பார்த்துவிட்டுக் கேளுங்கள். கடைசி வீட்டுக் குழாயைத் திறந்து பார்க்காதவனுக்கு மெஷினிடம் கேட்க ஒன்றுமே இல்லை. உங்கள் கையால் ஆகிற நாலு வரிக்கு அடுத்த ஊர்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காதீர்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்காமல் ஓடவிடாதீர்கள். முக்கியமாக, உங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் கிழடுகள் என்னைப் போல எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள். கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று நோட்டை மூடாதீர்கள். மூன்றாவது தடவை, கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்.

அன்றைக்குத் துரை போன பிறகு மேல் லைன் பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைச் சபித்தார்கள். எந்திரம் வந்ததும் தண்ணீர் போயிற்று, எந்திரம் விளங்காது என்று ஒருத்தி ஆரம்பிக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். துரையிடம் நான் சொன்னது பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாக்கியம் வீட்டு வாசல் கல்லில் ஏறி நின்று சொன்னேன்:

"மெசினத் திட்டாதீங்கடி. மூணு நாளு உங்கள மேடு ஏத்துனது இந்த வாயிதான். செல்விய வவுத்தப் புடிச்சுட்டு நிக்க வெச்சதும் இதேதான். திட்டறதுன்னா என்ற ஊட்டுக்கு வாங்க, பொழுதன்னிக்கும் ஒக்காந்து கேட்டுக்கறேன். ஆனா மொதல்ல கொடத்த ரொப்புங்க. ஏழு மணிக்கு வால்வு தானா மூடிக்கும். என்னையாட்டம் அதுக்கு மொகம் பாக்கத் தெரியாது."